அந்த வண்டியின் பிரேக் பிடித்தது

என் அப்பா முருகேசு குணபாலசிங்கம் சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். வயது அறுபத்தொன்று. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை நான் எழுத வேண்டும் என்று அம்மா சொன்னார். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், மணம் முடித்த ஆண்டு, செய்த வேலை, குணநலம். நான்கைந்து பக்கம். இப்படியான புத்தகங்களில் நல்லதை மட்டுமே எழுதுவார்கள். நானும் நல்லதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் ஒரு பிழையைத் திருத்தாமல் அதை எழுத முடியாது.

ஜெர்மனியில் எசன் நகரில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் பலருக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான். அவருடைய பனிவண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை, அதனால் அவருடைய அக்காவின் பிள்ளை அடிபட்டாள் என்பது. பன்னிரண்டு வருடமாக இதைச் சொல்கிறார்கள். இது உண்மை இல்லை. உண்மை இல்லை என்பது முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். அவர் இந்தப் பேரோடு போகக்கூடாது.

அப்பா 1963இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தார். க.பொ.த. உயர்தரத்தில் கணிதம் படித்தார். சோதனை எடுக்க முடியவில்லை. 1985இல் கிழக்கு பேர்லினுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து நகர ரயிலில் மேற்குப் பக்கம் இறங்கினார். அகதி மனுக் கொடுத்ததும் சவர்லண்ட் மலைப்பகுதியில் ஒரு சிறிய ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஊரில் அவரோடு சேர்த்து நான்கு தமிழர். மற்ற மூவரும் அனுமதி கிடைத்த அடுத்த மாதமே எசனுக்கும் டோர்ட்முண்டுக்கும் போய்விட்டார்கள். அப்பா போகவில்லை. ஏன் என்று கேட்டால், வேலை இருந்தது என்பார். ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார். பிறகு சறுக்குமலை நிறுவனம் ஒன்றில் குளிர்காலத்துக்கு ஆள் எடுத்தார்கள். முதலில் பனி அள்ளினார், பிறகு சறுக்குகிறவர்களை மேலே இழுக்கும் கம்பியைப் பார்த்துக்கொண்டார். 1999இல் பனிவண்டி ஓட்ட அனுமதி எடுத்தார்.

பனிவண்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் அகன்ற இறப்பர்ப் பட்டி. மோட்டார் சைக்கிளில் போல ஏறி இருந்து ஓட்டுவது. பாரம் இருநூற்றைம்பது கிலோ. எங்கள் பகுதியில் இதைப் பொழுதுபோக்குக்கு ஓட்ட விடுவதில்லை, வேலைக்கு மட்டும்தான். அப்பாவின் வேலை, விடிந்ததும் காட்டுக்குள் பன்னிரண்டு கிலோமீற்றர் போய், சறுக்குப் பலகை கட்டி நடக்கிறவர்களுக்குப் பனியில் தடம் இழுத்து வருவது. யாராவது காலை முறித்துக்கொண்டால் அவர்களை ஏற்றி வருவதும் அவர்தான். அவர் அதைப் பனிவண்டி என்று சொன்னதில்லை. ‘மிசின்’ என்பார்.

அவர் பயந்தவர் இல்லை. இதைச் சொல்வது முக்கியம், ஏனென்றால் பயந்தவர் என்றும் ஒரு கதை இருந்தது. 2010 தை மாதத்தில் ஒரு பிற்பகல், கடும் மூடுபனியில் ஒரு வயதான தம்பதி தடத்திலிருந்து திரும்பி வரவில்லை. மலை மீட்புக் குழு வர ஒரு மணி நேரமாகும். அதுவரைக்கும் பொறுக்கச் சொன்னார் முதலாளி டெல்லேக். அப்பா வண்டி நிறுத்தும் கொட்டிலின் சுவர்ப்பலகையில் போகும் பாதையையும் கிளம்பும் நேரத்தையும் எழுதினார். மூன்று நாற்பதுக்கு வராவிட்டால் என் பின்னால் யாரையும் அனுப்பாதீர்கள் என்று எழுதி, கீழே கையெழுத்து வைத்தார். மூன்று இருபத்தைந்துக்கு முழங்கால் திருகிய கிழவியை ஏற்றிக்கொண்டு வந்தார். கிழவர் பின்னால் நடந்து வந்தார். டெல்லேக் எல்லோருக்கும் முன்னால் ஏசினார். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, ஏச்சு நியாயம் என்றார்.

இரண்டு கிழமை கழித்து நல்ல வெயில். பனி உருகி இறுகியிருந்த ஒரு சரிவில் பத்திரிகைக்காரர் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். கொட்டிலில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூடுபனியில் போனவருக்கு வெயிலில் என்ன வந்தது என்று நானும் கேட்டேன்.

“மூடுபனிக்க பிழைச்சா எனக்கு அடி. இது பிழைச்சா அந்தாளுக்கு அடி” என்றார். “மிசின் ஒண்டுதான், பிள்ளை. கணக்கு வேற.”

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அது ஒரு சாட்டு என்று நினைத்தேன்.

இப்போது 2013 தை. எசனிலிருந்து பாமா மாமி வந்தார். அப்பாவின் ஒரே அக்கா. அவருடைய கணவர் கதிர்காமநாதன் மாமா, பதினொரு வயது மகள் லக்சிகா, இன்னும் இரண்டு குடும்பம், எல்லோரும் ஒரே வான் வண்டியில். கதிர்காமநாதன் மாமா எசனில் நாலுபேருக்குத் தெரிந்தவர். தமிழ்ச் சங்கத்தில் தலைவராக இருந்தவர். கூட வந்த குடும்பங்களுக்கு, மச்சானின் பனிவண்டியில் ஏறலாம் என்று வழியிலேயே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

அப்பா அன்று காலைத் தடத்தை முடித்துவிட்டு வண்டியைக் கொட்டிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். மாமா போய் ஆசனத்தில் தட்டி, முதலில் லக்சிகாவை ஒரு சுற்றுக் கொண்டுபோகச் சொன்னார். அப்பா ஏலாது என்றார். மாமா சிரித்தார். பகிடி என்று நினைத்திருப்பார். அப்பா திரும்பவும் ஏலாது என்றார். அனுமதி இல்லை, காப்புறுதி இல்லை, பிள்ளையின் தலைக்கு ஏற்ற கவசம் இல்லை என்று காரணங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அதுதான் அவர் விட்ட பிழை. ஒரு காரணம் சொன்னால் கவலை. மூன்று சொன்னால் அவமரியாதை.

“உன்ர வாசலுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு சுத்துச் சுத்திக் காட்ட நீ சட்டம் கதைக்கிறாய்” என்றார் மாமா. மற்றக் குடும்பங்கள் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றன. “வெள்ளைக்காரக் கிழவியை ஏத்தலாம். அக்காவின்ர பிள்ளையை ஏலாது. சரி, நல்லாயிரு.”

வந்தவர்களின் முகம் கறுத்துவிட்டது. அப்பாவுக்கு அத்தானைச் சமாளிக்க வேண்டியிருந்தது. மாமி ரோல்ஸும் வடையும் சுட்டு, சூடு ஆறாமல் ஐஸ்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். தேநீர் கொட்டிலுக்கு உள்ளே இருந்தது. அதை எடுத்துவர அப்பா ஓடினார். பதினான்கு குளிர்காலம் அவர் வண்டியை விட்டு நாலடி நகர்ந்தாலும் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டவர். அன்று போடவில்லை. அத்தானைக் கோபத்தோடு நிற்கவிட்டுச் சாவி கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. நான் பிறகு கேட்டபோது, நினைவே வரவில்லை என்றார். இரண்டும் ஒன்றுதான்.

நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பதினேழு வயது. வெட்கமாக இருந்தது. அப்பாவை நினைத்துத்தான் வெட்கம். லக்சிகா அழுகிற நிலையில் நின்றாள். வெறும் வெளியில் இரண்டு தடவை அப்பா என்னை வண்டி ஓடவிட்டிருக்கிறார். ஆகவே எனக்கு ஓடத் தெரியும் என்று நினைத்தேன். லக்சிகாவை ஏறச் சொன்னேன். அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

நடந்தது இது. பனிவண்டியில் வேகம் வலது பெருவிரலில். ஒரு சிறிய நெம்பை அழுத்தினால் போகும், விட்டால் நிற்கும். பிரேக் இடது கையில். பயந்தால் கை இறுகும். கை இறுகினால் பெருவிரலும் அழுத்தும். சரிவின் விளிம்பில் வண்டி துள்ளியது, நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். பிரேக்கும் பிடித்தது, எஞ்சினும் தள்ளியது. ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்கு ஒரு சிவப்புக் கயிறு உண்டு. அதை உடுப்பில் கொழுவ வேண்டும். நான் கொழுவவில்லை. நாற்பது மீற்றர் போய் வேலிக் கட்டையில் மோதினோம். எனக்கு நாடியில் மூன்று தையல். லக்சிகாவுக்கு இடது கை முறிந்தது, தோள் எலும்பு முறிந்தது. எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டே கிடந்தது. அப்பா ஓடிவந்து சாவியைத் திருப்பினார்.

வைத்தியசாலையில், உள்ளே கூப்பிடுவதற்கு முன், மாமா எல்லோரையும் ஒரு மூலைக்குக் கூப்பிட்டார். சறுக்குப் பலகையிலிருந்து பிள்ளை விழுந்துவிட்டது என்று சொல்வோம் என்றார். மச்சான் குணத்தின் வேலைக்கும் அதுதான் நல்லது, வண்டி ஓட்டிய கிருசாந்திக்கும் நல்லது, வீட்டுக்குள்ளேயே முடித்துவிடலாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மாமி தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினார்.

அப்பா அவர்களோடு வாதாடவில்லை. டொக்டரிடம் போய், பனிவண்டி என்றார், பாரம் சொன்னார், ஏறக்குறைய வேகம் சொன்னார், பிள்ளை எந்தப் பக்கம் விழுந்தாள் என்று காட்டினார். அதைக் கேட்டதும் வயிற்றையும் படம் எடுத்தார்கள். மண்ணீரலில் சிறிய கிழிசல். மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள், தானாக ஆறியது. சறுக்குப் பலகை என்று சொல்லியிருந்தால் வயிற்றைப் பார்த்திருப்பார்களோ தெரியாது. நான் நிச்சயமாகச் சொல்லமாட்டேன். அப்பாவும் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை.

பொலிசுக்கு அவர் ஜெர்மன் மொழியில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. மூன்று வசனம். சாவியை நான் கழற்றவில்லை, அது என் பொறுப்பு. வண்டியை ஓட்டியவர் என் மகள், வயது பதினேழு. வண்டியில் பழுது எதுவும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன், ஏன் என் பேரை எழுதினீர்கள், நீங்கள் ஓட்டியதாகவே சொல்லியிருக்கலாமே என்று. அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை.

“நீ ஓடினாய். நான் சாவியை விட்டன். ரெண்டும் வேற” என்றார். “உன்ரதையும் நான் எடுத்தா, என்ரது எது எண்டு எனக்கே தெரியாமப் போயிடும்.”

மாமாவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று அம்மா கேட்டார். அவருடையதை அவர்தான் எழுத வேண்டும் என்றார் அப்பா.

அப்பாவின் ஓட்டும் அனுமதியை டெல்லேக் எடுத்துக்கொண்டார். நான்கு குளிர்காலம் அவர் திரும்பவும் பனி அள்ளினார். எனக்கு இருபது மணி நேரச் சமூகவேலை கிடைத்தது. முதியோர் இல்லத்தில் தள்ளுவண்டி துடைத்தேன். எசனுக்கு ஒரு கடிதம் போனது. பிள்ளை வண்டியில் ஏறும்போது பெற்றோர் எங்கே நின்றார்கள் என்று பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் இளைஞர் அலுவலகம் கேட்டிருந்தது. இரண்டு Termin, அதாவது இரண்டு சந்திப்பு, பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் அலுவலகத்தார் வீட்டு வாசலுக்கு வந்ததை மாடியில் இருந்த தமிழ்க் குடும்பம் கண்டது. மாமாவுக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. அப்போதுதான் பிரேக் பிடிக்காமல் போனது. குணம் மிசினைச் சரியாகப் பார்ப்பதில்லை, பிரேக் இல்லாத மிசினில் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். கேட்பவருக்குப் பாவமாகவும் இருக்கும், யார் மீதும் பெரிய குற்றமும் இல்லை, அப்பா மீது மட்டும் கொஞ்சம்.

2015இல் லக்சிகா பெரியபிள்ளையானாள். எசனில் மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு வைத்தார்கள். பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பது தாய்மாமன். பாமா மாமிக்குக் கூடப்பிறந்தது அப்பா ஒருவர்தான். அந்த இடம் அவருடையது. வேறு யாருக்கும் இல்லை. லக்சிகா பிறந்த நாளிலிருந்து அவர் அதைப் பற்றிக் கதைத்திருக்கிறார்.

மாமி தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அத்தான் சமாதானமாக வருகிறார், பழையதை விடுவோம், நீதான் வந்து தண்ணீர் வார்க்க வேண்டும் என்றார். ஒன்றே ஒன்று. மண்டபத்தில் யாராவது கேட்டால், ஓம், பிரேக்தான் என்று சொல்லிவிட வேண்டும். அத்தானைப் பொய்யனாக்கக் கூடாது.

அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தார். மூன்று நாள் யோசித்தார். அம்மா அந்த மூன்று நாளும் அவரை விடவில்லை. ஒரு சொல்லுத்தானே என்றார். சொல்லக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் காணும் என்றார். ஒரு இரும்பு மிசினுக்காக அக்காவை விடுகிறீர்களா என்று கேட்டார். நானும் ஆட்டச் சொன்னேன். பிரேக்தான் காரணம் என்றால் நான் காரணம் இல்லை. அதை அப்போது நான் இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. ஆனால் அதுதான்.

“பிரேக் நல்லாப் பிடிக்கும், பிரபா” என்று அம்மாவிடம் சொன்னார். அதையே தொலைபேசியில் மாமிக்கும் சொன்னார்.

சாமத்தியவீட்டுக்குப் போனோம். அழைத்தால் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. பாரிஸிலிருந்து வந்த, மாமிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையானவர் தேங்காய் உடைத்தார், அறுகம்புல்லும் பாலும் வைத்தார், தண்ணீர் வார்த்தார். அப்பா ஏழாவது வரிசையில் இருந்தார். சாப்பாட்டு வரிசையில் யாரோ ஒருவர், பிரேக் பிடிக்காத கதையைக் கேட்டார். பிரேக் பிடித்தது என்றார் அப்பா. பிறகு, கத்தரிக்காய்க் குழம்பு முடிந்துவிட்டதா என்று கேட்டார். வீட்டுக்கு வரும்போது பெருந்தெருவில் முழுவதும் பனிக்கால ரயரைப் பற்றியே கதைத்தார். வீட்டு வாசலில் இறங்கி, லக்சிகாவுக்கு வாங்கிய சாறிப் பார்சலைக் கொடுத்தாயா என்று அம்மாவிடம் கேட்டார்.

2017இல் டெல்லேக் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார். இறந்த கிழமை வரை அப்பா தடம் இழுத்தார்.

நான் ஸ்டுட்கார்ட்டில் படித்தேன். இப்போது அங்கே வாகன பிரேக் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை. ஒரு வாகனம் ஏன் நிற்கவில்லை என்று பார்ப்பதுதான் என் தொழில். பத்தில் எட்டுத் தடவை பிரேக்கில் பிழை இருக்காது. கையில் இருக்கும், காலில் இருக்கும். இது தெரிந்துகொண்டே எசனில் கலியாண வீடுகளுக்குப் போய், உங்கள் அப்பாவின் மிசினுக்குப் பிரேக் இல்லையாமே என்று கேட்டவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அப்பா ஒரு நாளும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. பொலிசுக்கு என் பேரை எழுதியவர், சொந்தக்காரரிடம் என் பேரைச் சொல்லவில்லை. அங்கே அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார். அவர் இருக்கும்வரை நான் சொல்லவில்லை.

இந்தக் குறிப்பை எழுதி முடித்ததும் மாமிக்கு அனுப்பினேன். அதில் மாமா வருகிற இடங்கள் ஒன்றும் அப்போது இருக்கவில்லை. நான் ஓட்டினேன், சாவியை அப்பா விட்டார், பிரேக் பிடித்தது, அவ்வளவுதான்.

மாமி மூன்றாம் நாள் தொலைபேசி எடுத்தார். முதலில் அழுதார். பிறகு, செத்த வீட்டுப் புத்தகத்தில் இது எதற்கு என்று கேட்டார். தம்பி நல்லவன், அதை எழுது, போதும் என்றார். இதுதான் அவர் நல்லவர் என்பது, மாமி, என்றேன்.

“மாமான்ர பேரும் வருமோ?”

“இல்லை மாமி. அப்பா போடேல்லை. நானும் போடமாட்டன். நான் என்ரதைத்தான் எழுதியிருக்கிறன்.”

பேப்பர் சரசரத்தது. மாமி வாசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு தொலைபேசியில் வேறு மூச்சு. கதிர்காமநாதன் மாமா. அறுபத்தெட்டு வயது, போன வருடம் இடுப்பு மாற்றினார்கள். லக்சிகா முழுவதையும் தனக்கு வாசித்துக் காட்டினாள் என்றார். அவள் இரண்டு நாளாகத் தன்னோடு கதைக்கவில்லை என்றும் சொன்னார்.

“நான் கேட்டனான் எண்டு போடு” என்றார். “பாத்துக்கொண்டு நிண்டனான், மறிக்கேல்லை எண்டும் போடு. பிரேக் எண்டு நான்தான் சொன்னனான். எல்லாத்தையும் போடு.”

நான் ஓம் மாமா என்றேன்.

“ஆனா பிள்ளை, உன்னை ஓடச் சொல்லி நான் சொல்லேல்லை. அதையும் போடவேணும்.”

அது சரி. அவர் சொல்லவில்லை. ஆகவே முழுக் குறிப்பையும் திருத்தி எழுதியிருக்கிறேன். 2013 தை மாதம் நடந்த விபத்தில், வண்டியில் ஏற்றச் சொல்லிக் கேட்டவர் கதிர்காமநாதன். சாவியைக் கழற்றாமல் விட்டவர் குணபாலசிங்கம். யாரும் சொல்லாமல் வண்டியை எடுத்து ஓட்டியவள் கிருசாந்தி. லக்சிகாவின் பக்கத்தில் எழுத எதுவும் இல்லை. இதை வாசிக்கிறவர்கள் அப்பாவைப் பற்றி எசனில் கேட்டதை மறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.